டங்கன் படுத்திருந்த அறை

எனக்கு நெடுநாளாகப் பழக்கமான ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒரு சிற்றூர்க் கல்லூரியில் இருபது வருஷங்களுக்கு மேலாக ஷேக்ஸ்பியர் சொல்லிக் கொடுத்து வருபவர். சென்ற ஆண்டு ஒரு நாள் அவர் என்னைத் தம் வகுப்புக்கு அழைத்தார். "மாக்பெத் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒரே காட்சியை மூன்று சினிமாக்களிலிருந்து அடுத்தடுத்துப் போட்டுக் காட்டப் போகிறேன். நீங்களும் வந்து உட்காருங்கள். பிறகு பிள்ளைகளோடு கொஞ்சம் பேசுங்கள்" என்றார்.

நான் உடனே சரியென்று சொல்லவில்லை. இலக்கியம் கற்பிக்கச் சினிமாவைத் துணைக்கு அழைப்பதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆசிரியரின் சோம்பலுக்கு அது வசதி என்று பலரும் சொல்லும் புகார் அல்ல அது. என் நண்பர் சோம்பேறியும் அல்ல. என் வருத்தம் சொந்த வருத்தம். ஒரு சினிமா என்னிடமிருந்து ஒரு மனிதரைப் பறித்துக்கொண்டு போயிற்று.

நான் கல்லூரியில் மாக்பெத் படித்தபோது எங்களுக்குப் படமும் இல்லை, மேடையும் இல்லை. ஒரு நீண்ட அறை. ஒரு தடித்த புத்தகம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசிக்கும் ஒரு பேராசிரியர். அவ்வளவுதான். பாதி புரியும். மீதியை நாங்களே இட்டு நிரப்பிக்கொள்வோம். ஸ்காட்லாந்து எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியாது. கோட்டை என்றால் எனக்குச் செஞ்சிக் கோட்டைதான். டங்கன் என்ற கிழ அரசர், தம்மை உபசரித்த வீட்டிலே இரவு படுத்துத் தூங்குகிறார் என்று வந்ததும், எனக்குத் தெரிந்த ஒரு தூக்கம்தான் நினைவுக்கு வந்தது. என் தாத்தா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு திண்ணையில் தூங்குவார். வாய் சற்றே திறந்திருக்கும். வெள்ளைத் தாடி மூச்சுக்கு மூச்சு அசையும். யாராவது செருப்புச் சத்தத்தோடு வந்தால் பாட்டி உள்ளேயிருந்து அதட்டுவாள். மாக்பெத் கட்டாரியோடு நடந்து போனது அந்தத் திண்ணைக்குத்தான். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பிற்பாடுதான் கவனித்தேன், நாடகத்திலேயே அதற்கு இடம் வைத்திருக்கிறது. கணவனைக் கொலைக்குத் தூண்டிவிட்ட லேடி மாக்பெத், தூங்குகிற அரசரைப் பார்த்தபோது தன் தகப்பனாரைப் போலிருந்தாராம். அப்படி இல்லாதிருந்தால் தானே காரியத்தை முடித்திருப்பேன் என்கிறாள். அவ்வளவு கல்மனசுக்காரிக்கும் அந்த முகம் வேறொருவர் முகமாகத் தெரிந்துவிட்டது. படிக்கிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

நடுவயதில் போலன்ஸ்கி எடுத்த மாக்பெத் படத்தைப் பார்த்தேன். 1971-ல் வெளிவந்த படம். அதில் டங்கனுக்கு ஒரு முகம் இருக்கிறது, ஓர் உடம்பு இருக்கிறது, ஒரு கட்டில் இருக்கிறது. அன்றோடு திண்ணை காலியாகிவிட்டது. இப்போது புத்தகத்தைத் திறந்தால் அந்த நடிகர்தான் படுத்திருக்கிறார். தாத்தாவை நான் எவ்வளவு கூப்பிட்டும் அவர் அந்த நாடகத்துக்குள் திரும்பி வரவில்லை.

இதை நண்பரிடம் சொன்னேன். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த நஷ்டத்தை உண்டாக்க உமக்கு என்ன உரிமை என்றும் கேட்டேன். அவர் சிரித்தார். "ஒரே ஒரு படத்தைக் காட்டினால் நீங்கள் சொல்வது நடக்கும். அதனால்தான் மூன்று காட்டுகிறேன்" என்றார். பிறகு, "உங்கள் தாத்தாவைப் போல ஒருவரை இவர்கள் உள்ளே வைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டாமா? வாருங்கள்" என்றார். போனேன்.

நாடகத்தைப் படித்து வெகுநாள் ஆனவர்களுக்காக அந்தக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் அங்கம். நள்ளிரவு. மாக்பெத் தனியாக நிற்கிறான். காற்றிலே ஒரு கட்டாரி தொங்குவதுபோல் அவனுக்குத் தெரிகிறது. பிடிக்கப் பார்க்கிறான், கைக்கு அகப்படவில்லை. மணி அடிக்கிறது. போகிறான். இதற்குப் பிறகு ஷேக்ஸ்பியர் நம்மை அவனோடு அனுப்புவதில்லை. மேடைக்கு வருகிறவள் அவன் மனைவி. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், ஆந்தை அலறுகிறது, நாமும் அவளோடு நிற்கிறோம். சற்று நேரத்தில் அவன் திரும்பி வருகிறான், இரு கையும் ரத்தமாக. காவலாளிகளின் பக்கத்தில் போட்டுவிட்டு வரவேண்டிய கட்டாரிகளைக் கையோடு கொண்டுவந்துவிட்டான். திரும்பவும் போகச் சொன்னால் மாட்டேன் என்கிறான். உள்ளே என்ன நடந்தது என்பதை அவன் சொல்லுவதே இல்லை. தூக்கத்தில் இருவர் ஏதோ உளறினார்கள், பிரார்த்தனை செய்தார்கள், அதற்கு ஆமென் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை என்கிறான். அதையே திரும்பத் திரும்பச் சொல்லுகிறான். கத்தி எங்கே பாய்ந்தது, கிழவர் விழித்தாரா, கத்தினாரா, ஒன்றும் கிடையாது. பிறகு வெளியே யாரோ கோட்டைக் கதவைத் தட்டுகிறார்கள்.

இந்தத் தட்டல் ஏன் இப்படி வயிற்றைக் கலக்குகிறது என்று டி குவின்ஸி என்ற ஆங்கில ஆசிரியர் 1823-ல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கொல்லப்படுகிறவனிடம் நம் அனுதாபம் போவது இயற்கை, அதில் புதுமை இல்லை. கவி நம்மைக் கொலைகாரனின் நெஞ்சுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறான். அங்கே உலகம் நின்றுபோயிருக்கிறது. தட்டல் கேட்டவுடன்தான் மனித உலகம் மறுபடி ஓடத் தொடங்குகிறது என்பது அவர் கருத்து. நூறு பேராசிரியர்கள் அதற்குப் பிறகு எழுதியிருக்கலாம். இவ்வளவு சுருக்கமாக இதைத் தொட்டவர்கள் குறைவு.

நண்பர் புரொஜெக்டரைப் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். எல்லோரையும் ஒரு தாள் எடுக்கச் சொன்னார். "அந்த அறைக்குள் என்ன நடந்தது? ஐந்து நிமிஷம். எழுதுங்கள்" என்றார். எழுதி முடித்ததும் தாள்களை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அப்புறம் விளக்கை அணைத்தார்.

முதலில் ஜப்பானியப் படம். அகிரா குரோசவா 1957-ல் எடுத்தது. சிலந்திவலைக் கோட்டை என்று அதன் பெயருக்குப் பொருள். ஷேக்ஸ்பியரின் ஒரு வரிகூட அதில் இல்லை. மாக்பெத் அங்கே வாஷிஸு என்ற சாமுராய். அவன் மனைவி அஸாஜி. நோ என்ற பழைய முகமூடி நாடகத்தின் நடையும் அசையா முகமும் அவளுக்கு. அவள் காவலாளிகளுக்கு மயக்க மது கொடுத்துவிட்டு வருகிறாள். பட்டு உடை தரையில் உரசும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஈட்டியைக் கணவன் கையில் கொடுக்கிறாள். அவன் போகிறான். காமிரா போகவில்லை. அவளோடு அறையிலேயே தங்கிவிடுகிறது. முன்னொரு துரோகி உயிர்விட்ட அறை அது. அவன் ரத்தக்கறை இன்னும் போகவில்லை. அவள் அதைப் பார்க்கிறாள், எழுகிறாள், ஏதோ ஆவேசம் வந்தவள்போல அசைகிறாள். வாஷிஸு திரும்பி வருகிறான். ஈட்டி முனையில் ரத்தம். கை மரத்துப்போய் ஈட்டியை விட மறுக்கிறது. அவள் அவன் விரல்களிலிருந்து அதைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கையைப் பார்த்ததும் வகுப்பில் ஒரு பையன் தன் கையை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான். ஏனென்று அவனுக்கே தெரிந்திராது.

இரண்டாவது, என் தாத்தாவைக் கொண்டுபோன படம். வசனம் ஷேக்ஸ்பியருடையதுதான். ஆனால் போலன்ஸ்கி கதவைத் திறந்துவிடுகிறார். மாக்பெத் உள்ளே போகிறான், நாமும் போகிறோம். தயங்கி நிற்கிறான். கிழவர் கண் விழித்து அவன் பெயரைச் சொல்லுகிறார். அதற்குப் பிறகு தயங்க முடியாது. குத்துகிறான், மறுபடியும் மறுபடியும் குத்துகிறான். கிரீடம் கீழே விழுகிறது. வகுப்பில் ஒருவர் மூச்சுவிடும் சத்தமும் கேட்கவில்லை. காற்றில் தொங்கும் கட்டாரியையும் இந்தப் படம் காட்டிவிடுகிறது. மாக்பெத்துக்கு மட்டும் தெரிய வேண்டியது நமக்கும் பளபளவென்று தெரிகிறது.

(இந்தப் படத்தை முழுவதும் வகுப்பில் போட முடியாது என்று நண்பர் பிறகு சொன்னார். தூக்கத்தில் நடக்கும் காட்சியில் லேடி மாக்பெத்தை ஆடையில்லாமல் நடக்க விட்டிருக்கிறார்கள். ஒரு வருஷம் தெரியாமல் போட்டுவிட்டு, பிரின்ஸிபாலிடம் விளக்கம் எழுதிக் கொடுத்தாராம்.)

மூன்றாவது, ஜோயல் கோயன் 2021-ல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். டென்ஸல் வாஷிங்டனும் ஃபிரான்ஸஸ் மக்டார்மண்டும் தம்பதிகள். இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில் ஏதோ மின்னுகிறது. கட்டாரி என்று நினைத்து மாக்பெத் நடக்கிறான். கிட்டப் போனால் அது டங்கன் அறைக் கதவின் கைப்பிடி. இதைப் பார்த்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவனை இழுத்த மாயக் கத்தி, திறக்க வேண்டிய ஒரு சாதாரணக் கைப்பிடி! ஆனால் கோயனும் கதவைத் திறக்கிறார். அங்கேயும் கிழவர் கண்ணைத் திறக்கிறார். சத்தம் எழாமல், அவசரமில்லாமல், கழுத்தில் கத்தி இறங்குகிறது.

விளக்கைப் போட்டார்கள். "எது ஷேக்ஸ்பியருக்கு விசுவாசமான படம்?" என்று நண்பர் கேட்டார். பரீட்சைக்கு வரக்கூடிய கேள்வி. பாதிப் பேர் போலன்ஸ்கி என்றார்கள், வசனம் இருக்கிறதே! பாதிப் பேர் கோயன் என்றார்கள். குரோசவாவுக்கு ஒரே ஒரு கைதான் எழுந்தது. என் முறை வந்தபோது நான் அந்த ஒற்றைக் கையின் கட்சியில் சேர்ந்தேன். ஒரு வார்த்தைகூட இல்லாத படம் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது; வார்த்தைகளையெல்லாம் வைத்துக்கொண்ட படங்கள் கதவைத் திறந்துவிட்டன. கதவு மூடியிருக்கும்போது அந்தக் கொலையை நாமே மனசுக்குள் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. திறந்துவிட்டால் நாம் சாட்சிகளாகிவிடுகிறோம். சாட்சிக்கு என்ன வேலை? கோர்ட்டிலே விரலை நீட்டி இவன்தான் என்று சொல்லுவதோடு அவன் கடமை தீர்ந்தது. தன் கையை முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை. இப்படியெல்லாம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். படங்கள் ஓடியபோது அவள் எதற்கும் முகம் சுளிக்காமல் இருந்ததை முன்பே கவனித்திருந்தேன்.

"சார், கதவு மூடியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வது, கொலையைப் பார்க்காதவர்கள் சொல்கிற பேச்சு" என்றாள்.

வகுப்பு திரும்பிப் பார்த்தது. அவள் குரல் உயரவில்லை. "எங்கள் ஊரில் ஒரு கொலை நடந்தது. எனக்கு அப்போது எட்டு வயசு. நான் பார்த்தேன். அப்புறம் ஊரில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசுவார்கள், அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். 'அப்புறம் என்ன, ஆகவேண்டியது ஆயிற்று' என்பார்கள். செய்தவனுக்குப் பயம், பெண்டாட்டி பேச்சைக் கேட்டான், நேரம் சரியில்லை, எல்லாம் சொல்வார்கள். செத்தவர் என்ன ஆனார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த இரண்டாவது படத்தை எடுத்தவர் சொல்லியிருக்கிறார்." உட்கார்ந்துவிட்டாள்.

நான் சற்று நேரம் பேசவில்லை. பேச விஷயம் இல்லாமல் அல்ல. போலன்ஸ்கியின் கதை அங்கே இருந்த பலருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். போலந்து யூதர். சிறு பையனாகக் கிராக்கோ நகரத்தின் யூதச் சேரிக்குள் அடைபட்டிருந்தவர். தாயை அவுஷ்விட்ஸில் கொன்றார்கள். 1969 ஆகஸ்டில், நிறைகர்ப்பிணியாயிருந்த மனைவி ஷேரன் டேட்டை லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் புகுந்து கொன்றார்கள். அதற்கு அடுத்து அவர் எடுத்த படம் இது. மக்டஃபின் வீட்டுக்குள் கொலைகாரர்கள் நுழையும் காட்சியில் ஒருவன் அவசரமே இல்லாமல் அறையிலுள்ள சாமான்களைத் தொட்டுப் பார்க்கிறான். சிறுவயதில் தங்கள் அறையைச் சோதனை போட வந்த நாஜி அதிகாரியின் நினைவிலிருந்து அதை எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் ஒரு கதவைத் திறந்தால், ஏன் திறந்தாய் என்று கேட்க, திண்ணையில் தாத்தா தூங்கியதை மட்டும் பார்த்திருக்கிற நான் யார்?

இதைவிட நெருக்கமான உறுத்தல் ஒன்று உண்டு. அதை வகுப்பில் சொல்லவில்லை, இங்கே சொல்லுகிறேன். என் நாவல் ஒன்றில் ஒரு மிராசுதார் தன் பண்ணையாளை அடித்துக் கொன்றுவிடுகிறான். நான் அதை நேராக எழுதவில்லை. அடுப்படியில் இருக்கும் மிராசுதாரின் மனைவி காதில் விழும் சத்தங்களாக எழுதினேன். மாட்டுத்தொழுவத்துக் கதவு சாத்தியிருந்தது. மதிப்புரை எழுதியவர்கள் அந்த அடக்கத்தைப் பாராட்டினார்கள். நானும் ஒப்புக்கொண்டு பெருமைப்பட்டேன். உண்மை என்னவென்றால், ஒரு மனிதன் அடிபட்டுச் சாக எவ்வளவு நேரம் ஆகும், அவன் என்ன சொல்லுவான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தைரியமும் இல்லை. அந்தக் கதவை என் கலை சாத்தவில்லை, என் கோழைத்தனம் சாத்தியது. அதோடு இன்னொன்றும் நடந்துவிட்டது. வாசகர்கள் எனக்கு எழுதிய கடிதங்களில் மிராசுதாரின் மனைவிக்காக அழுதவர்கள் அநேகர். பண்ணையாளின் பெயரை ஒருவர்கூடக் குறிப்பிடவில்லை.

ஆகவே அந்தப் பெண் கேட்டது வெறும் சினிமா விஷயம் அல்ல. மறைப்பது யாருக்கு உபகாரம்? செத்தவனுக்கா, கொன்றவனுக்கா, படிக்கிறவனுக்கா?

மேடையில் மரணத்தைக் காட்டக்கூடாது என்பது பழைய நாடக மரபுகள் பலவற்றிலும் உண்டு. கிரேக்கர்கள் கொலையை உள்ளே வைத்து, தூதனை வெளியே அனுப்பிச் சொல்லச் செய்வார்கள். பரதர் வழிவந்த நம் வடமொழி நாடக மரபும் மரணத்தை மேடைக்குக் கொண்டுவருவதில்லை. பாஸன் மாத்திரம் ஊருபங்கத்தில் துரியோதனனைச் சபை நடுவே சாகவைத்தான். ஷேக்ஸ்பியருக்கு இந்தக் கூச்சம் கிடையாது. கிங் லியரில் ஒரு கிழவரின் கண்ணை மேடையிலேயே பிடுங்கச் செய்தவர் அவர். மாக்பெத்திலேயே பாங்கோவைக் கொல்லுவது நம் கண்முன் நடக்கிறது. மக்டஃபின் சிறு பையனைத் தாயின் எதிரே குத்துவதும் நம் கண்முன்தான். குழந்தையின் கொலையைக் காட்டியவர், கிழவரின் கொலையை ஏன் மறைத்தார்?

பாங்கோவையும் குழந்தையையும் கொல்லுகிறவர்கள் கூலி ஆட்கள். அவர்கள் உள்ளே நமக்குப் போக வேண்டியது ஒன்றுமில்லை. அங்கே நாம் பார்க்க வேண்டியது செத்தவர்களை. ஆகவே காட்டுகிறார். டங்கனைக் கொல்லுகிறவன் மாக்பெத், தன் கையாலேயே. அவனோ அந்த அறையில் நடந்ததை நினைத்துப் பார்க்கவே அஞ்சுகிறவன். அவனுக்கே பார்க்க முடியாததை நமக்கு மட்டும் எப்படிக் காட்டுவது? இவ்வளவு தூரம் யோசித்து அடுத்த நாள் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தப் பெண்ணிடம் காட்டுங்கள் என்றும் எழுதினேன். எழுதும்போது இது பதில்தான் என்று தோன்றியது. தபாலில் சேர்த்த பிறகு, அவள் கேட்டதற்கு இது பாதிப் பதில்கூட அல்ல என்று தோன்றியது. காரணம், அவளுடைய ஊரார் கதையை நிறுத்தியதும் கொன்றவனுடைய பயத்தை நினைத்துத்தானே!

படங்களை ஒப்பிட்டுப் பாடம் நடத்துவதில் எனக்கு இருந்த மனத்தாங்கல் இந்தச் சம்பவத்தோடு பெரும்பாலும் போய்விட்டது. ஒரு படத்தை மட்டும் பார்த்த மாணவன், ஷேக்ஸ்பியர் இப்படித்தான் எழுதியிருக்கிறார் என்று நம்பிவிடுகிறான். இரண்டாவது படம் முதல் படத்தைக் குலைக்கிறது. இவர் காட்டியதை அவர் காட்டவில்லையே, அப்படியானால் புத்தகத்தில் என்னதான் இருக்கிறது என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறான். அப்போது புத்தகத்தில் இல்லாதவை அவன் கண்ணில் படத் தொடங்குகின்றன. மாக்பெத்துக்கு என்ன வயசு? நாடகம் சொல்லவில்லை. போலன்ஸ்கியின் தம்பதிகள் இளைஞர்கள். அவர்கள் ஆசைக்கு அவசரம் இருக்கிறது. கோயனின் தம்பதிகளுக்கு இது கடைசி வண்டி. லேடி மாக்பெத் தான் பால்கொடுத்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறாளே, அது எங்கே? இப்படிக் கேட்பதே அசட்டுத்தனம் என்று கேலி செய்து எல். ஸி. நைட்ஸ் 1933-ல் ஒரு கட்டுரையே எழுதினார். ஆனால் 2015-ல் கர்ஸல் எடுத்த படம் அந்தக் குழந்தையின் ஈமக்கிரியையோடுதான் ஆரம்பிக்கிறது. கேலி செய்தவரும் சரி, படமெடுத்தவரும் சரி, ஒரே வெற்றிடத்தின் முன்னால்தான் நின்றிருக்கிறார்கள்.

சூனியக்காரிகள் விஷயமும் அப்படித்தான். அவர்கள் சொன்னதால் அவன் கொன்றானா, கொல்ல நினைத்திருந்ததால் அவர்கள் சொன்னது காதில் ஏறிற்றா? விதியா, மதியா என்று நம் வீடுகளில் பேசித் தீராத கேள்வி. குரோசவா காட்டுக்குள் நாணல் குடிசையில் ராட்டை சுற்றும் ஒரே ஓர் ஆவியை உட்கார வைக்கிறார்; அங்கே விதியின் கை ஓங்கியிருக்கிறது. விஷால் பரத்வாஜின் மக்பூலில், 2003-ல் வந்த இந்திப் படம், பம்பாயின் இரண்டு ஊழல் போலீஸ்காரர்கள் ஜாதகக் கட்டம் போட்டுப் பலன் சொல்லுகிறார்கள். சொன்ன பலன் பலிக்கும்படி வேலை செய்கிறவர்களும் அவர்களே. 2021-ல் வந்த ஜோஜி என்ற மலையாளப் படத்தில் சூனியக்காரிகளே கிடையாது. ஒரு தோட்டக்காரக் குடும்பம், அதட்டும் தகப்பன், கடைசி மகன். கட்டாரிக்குப் பதில் மாத்திரைகள். அங்கே யார்மேலும் பழி போட முடியாது. இந்த மூன்றில் எது சரியென்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். மூன்றையும் கேட்டுவிட்டு நாடகத்தை மறுபடி படி என்று சொன்னேன். தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்திருப்பான். ஓரளவு உண்மைதான்.

ஆனால் ஒன்று. இப்படி ஒப்பிடுவதற்கும் முன்னால் பிள்ளைகளிடம் அந்த ஐந்து நிமிஷத்தையும் ஒரு தாளையும் நண்பர் கொடுத்தாரே, அது இல்லாவிட்டால் மூன்று படமும் வீண் என்றே நினைக்கிறேன். ஒருவர் சொந்தமாக ஒரு டங்கனைச் செய்துகொள்வதற்கு முன்பே நடிகரைக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டால், அவரிடமிருந்து பறிக்கக்கூட ஒன்றும் இருக்காது. தாத்தாவை இழந்தவனுக்காவது தாத்தா இருந்தார்.

பதினைந்து நாள் கழித்து நண்பர் என் வீட்டுக்கு வந்தார். கடிதத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்ததாகவும், அவள் படித்துவிட்டு, "சார் நன்றாக எழுதியிருக்கிறார்" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். பையிலிருந்து ஒரு கட்டுத் தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். அன்று படம் போடுமுன் இழுப்பறையில் போட்டுப் பூட்டியவை. காப்பி குடித்தபடி ஒவ்வொன்றாகப் படித்தோம். சிலர் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார்கள். ரத்தம், இடி, மின்னல் எல்லாம் இருந்தது. ஒரு பையன் டங்கனுக்குத் தன் பக்கத்து வீட்டு ரிடயர்ட் போஸ்ட்மாஸ்டரின் பெயரை வைத்திருந்தான். நான் சிரித்தேன்.

அவளுடைய தாளில் ஒரே ஒரு வரி இருந்தது. அரசர் விழித்துக்கொண்டார், ஆனால் கத்தவில்லை என்று எழுதியிருந்தாள். நாடகத்தில் அப்படி எங்கும் இல்லை. இரண்டு டைரக்டர்கள் அரசரை விழிக்க வைத்திருக்கிறார்கள். அவர்கள் படம் எதையும் அவள் அதுவரை பார்த்ததில்லை என்று நண்பர் சொன்னார்.